தெற்கு நோக்கிய நாற்காலிகள்

2005 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடும் மண்சாலை ஓரமாக வரிசையாக மடக்கு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளையர்கள். கணிசமானோர் பழைய ராணுவத்தார். கையில் பைனாகுலர், பக்கத்தில் வாக்கி டாக்கி, பலருடைய இடுப்பில் கைத்துப்பாக்கி. முள்கம்பிக்கு அப்பால் புதர் அசைந்தால் எல்லைக் காவல் படைக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. யாரும் அனுப்பிவைக்கவும் இல்லை, தாங்களாகவே வந்திருந்தார்கள்.

‘மினிட்மேன் புராஜெக்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1775-இல் பிரிட்டிஷ் படை வருகிறது என்று கேட்ட மாத்திரத்தில் துப்பாக்கியோடு கிளம்பிய மாசசூசெட்ஸ் குடியானவர்களின் பெயர் அது. தொடங்கியவர்கள் இருவர். ஜிம் கில்கிறிஸ்ட், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்காளர், வியட்நாமில் போரிட்டவர். கிறிஸ் சிம்காக்ஸ், முன்னாள் மழலையர் பள்ளி ஆசிரியர். அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்ற சிற்றூரில் ஒரு சிறு பத்திரிகையை வாங்கி நடத்தியவர். பெயரிலேயே ஒரு வாதம் பதுங்கியிருக்கிறது. வேலை தேடி வருகிறவனைப் படையெடுத்து வருகிறவனாக ஆக்கிவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா விடுதலைப் போராளி ஆகிவிடுகிறார். ஆனால் பெயரை வைத்து ஆளை எடைபோடுவது எளிது. செய்வோம் என்று சொன்னதை அவர்கள் செய்தார்களா, செய்ததற்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் சொன்ன குறை பொய்யில்லை. 1993-இல் டெக்சஸின் எல் பாசோவிலும் 1994-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவிலும் அரசு எல்லையை இறுக்கியது. நகரங்களில் வேலியையும் விளக்கையும் ஆட்களையும் குவித்துவிட்டால் மிச்சத்தைப் பாலைவனம் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம் போட்டவர்களின் கணக்கு. பாலைவனம் பார்த்துக்கொள்ளவில்லை. அதே 1994 ஜனவரியில் வட அமெரிக்க நாடுகளின் தடையற்ற வணிகத்துக்கான நாஃப்டா ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அமெரிக்க அரசு மானியத்தில் விளைந்த மக்காச்சோளம் மெக்சிகோவின் சந்தைக்குள் நுழைந்தது. சோளத்தை நம்பியிருந்த சிறு விவசாயி வடக்கே பார்த்தான். நகர வழிகள் அடைபட்டதால் கூட்டம் அரிசோனாப் பக்கம் திரும்பியது. 2000-ஆம் நிதியாண்டில் எல்லைக் காவல் படையின் டூசான் பிரிவில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட தடவை ஆட்கள் பிடிபட்டார்கள். ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் மூன்றாகத்தான் கணக்கு. இருந்தாலும், அந்தப் பிரிவுக்குள் அடங்கிய, நாற்காலிகள் போடப்பட்ட கொச்சீஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 1,18,000 என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

எல்லையோரப் பண்ணைக்காரருக்கு இது கொள்கை விவாதமாகத் தெரியவில்லை. வெட்டப்பட்ட வேலியாகவும், குழாயைத் திறந்துவிட்டதால் காலியான மாட்டுத் தண்ணீர்த் தொட்டியாகவும், புதர் நெடுகிலும் கிடக்கும் பிளாஸ்டிக் குடுவைகளாகவும் தெரிந்தது. அவர் அரசிடம் முறையிட்டார். அரசு சொன்ன பதில் இது: 2004 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஆண்டுக்கு 2,000 புதிய எல்லைக் காவலர்களைச் சேர்க்கலாம் என்றது, இரண்டு மாதம் கழித்து வந்த அதிபர் புஷ்ஷின் வரவுசெலவுத் திட்டம் 210 பேருக்குத்தான் பணம் கேட்டது. வீதியில் இறங்கிக் கோபப்பட இந்த ஓர் எண் போதும். கோபத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

கோபத்தின் நியாயம் செயலின் நியாயமாகிவிடாது. காவல் என்று சொன்னார்கள். காவலாக அது எவ்வளவு பெறும்? 1,300 பேருக்கு மேல் வருவதாக முன்கூட்டி அறிவித்தார்கள். முதல் நாட்களில் வந்தவர்கள் சில நூறு பேர். காவல் நின்ற நீளம் 23 மைல், நமக்குப் பழகிய கணக்கில் 37 கிலோமீட்டர். மொத்த எல்லை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாத முடிவில், தாங்கள் கொடுத்த தகவலால் பிடிபட்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் என்று அவர்களே சொன்னார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். 2005 நிதியாண்டில் டூசான் பிரிவில் பிடிபட்டவர்கள் சுமார் 4,39,000. நாளொன்றுக்குச் சராசரி 1,200. அதாவது, தொண்டர்களின் ஒரு மாதத்து விழிப்பு, அரசுப் படையின் ஏழெட்டு மணி நேர வேலைக்குச் சமம். அதுவும் கழிக்க வேண்டியதைக் கழிக்காமல். தொண்டர்களின் நடமாட்டம் தரையில் புதைத்திருந்த உணர்கருவிகளைத் தூண்டிவிட்டு, ஆள் வருகிறான் என்று காவலர்கள் ஓடி வந்து பார்த்து ஏமாந்த தடவைகளைப் படையினரே சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் உண்டு: பிடித்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வராமல் போனவர்களைப் பாருங்கள், நாங்கள் உட்கார்ந்த இடத்தில் அந்த மாதம் ஆள் நடமாட்டமே இல்லை. ஓரளவு உண்மை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ அரசின் புலம்பெயர்வோர் பாதுகாப்புப் பிரிவான ‘குருப்போ பேட்டா’வின் ஆட்கள், இங்கே துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள், வேறு வழியாகப் போங்கள் என்று பயணிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளைக் கடத்திவிடும் ‘கொயோட்டே’களுக்கு 37 கிலோமீட்டரைச் சுற்றிப் போவது பெரிய காரியமில்லை. சுற்றிப் போகிறவனுக்குத்தான் பெரிய காரியம். ஒரு நாள் நடை கூடும், தண்ணீர் அதே அளவுதான். 2005 நிதியாண்டில் தென்மேற்கு எல்லை நெடுகிலும் கிட்டத்தட்ட 490 பேர் இறந்ததாக எல்லைக் காவல் படையே பதிவுசெய்திருக்கிறது. பெரும்பகுதிப் பழி 1994-இன் திட்டத்துக்குப் போகும். தொண்டர்கள்மீது அத்தனையும் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் ஆளை நகரத்திலிருந்து பாலைக்குத் தள்ளிய அரசின் தர்க்கத்தையேதான் அவர்களும் சிறிய அளவில் செய்து காட்டினார்கள். அரசைத் திட்டிக்கொண்டே அரசின் பிழையை நகலெடுத்தார்கள்.

காவலாகத் தோற்றது நாடகமாக ஜெயித்தது. முதல் நாட்களில் தொண்டர் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். தொடங்குவதற்கு முன்பே, மார்ச் 23 அன்று டெக்சஸில் மெக்சிகோ, கனடாத் தலைவர்கள் பக்கத்தில் நிற்க, சட்டத்தைத் தம் கையில் எடுப்பவர்களுக்குத் தான் எதிரி என்று புஷ் சொல்லியிருந்தார். ஏப்ரல் முடிவதற்குள் கலிஃபோர்னியா ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் அவர்களைப் பாராட்டிவிட்டார். ஜூலையில் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்பு ஆணையர் ராபர்ட் பானர், குடிமக்களைத் துணைப்படையாகச் சேர்ப்பது பற்றி யோசிப்பதாக வாய்விட, மேலிடம் அவசரமாக மறுத்தது. டிசம்பரில் கில்கிறிஸ்ட் கலிஃபோர்னிய இடைத்தேர்தலில் மூன்றாவது கட்சி வேட்பாளராக நின்று நான்கில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார். 2006-இல் 6,000 தேசியக் காவல் படையினர் எல்லைக்குப் போனார்கள். 700 மைல் வேலிக்குச் சட்டம் வந்தது. இதெல்லாம் நாற்காலிகளால் மட்டும் வந்ததல்ல. ஆனால் நாற்காலிகள் இல்லாமலும் இவ்வளவு வேகமாக வந்திருக்காது. ஒரு போராட்டம் என்று மட்டும் பார்த்தால், இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்து இவ்வளவு சாதித்தவர்கள் அபூர்வம்.

போராட்டத்துக்குத் துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

சட்டப்படி தவறில்லை. பொது நிலத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அரிசோனாவில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அமைப்பின் விதிகளும் காகிதத்தில் கண்டிப்பானவை: நீளத் துப்பாக்கி கூடாது, வருகிறவனைத் தொடக்கூடாது, தடுக்கக்கூடாது, பார், தகவல் சொல், விலகு. அந்த ஏப்ரலில் ஒரு குண்டும் யார்மீதும் பாயவில்லை. குடிமை உரிமை அமைப்புகளின் பார்வையாளர்கள் கேமராவோடு கூடவே திரிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுக்குரிய மதிப்பெண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த மாதம் பெரிதாகப் பேசப்பட்ட விவகாரம், ஒரு தொண்டர் பிடிபட்ட மெக்சிகோக்காரர் ஒருவரின் கையில் தன்னைப் பிடித்தவரைக் கிண்டலாகப் பெருமைப்படுத்தும் வாசகம் எழுதிய டி-ஷர்ட்டைக் கொடுத்துப் படம் எடுத்ததுதான். அந்த ஆளுக்குச் சாப்பிடக் கொடுத்து 20 டாலரும் தந்து அனுப்பினார்கள். விசாரித்த அதிகாரிகள் குற்றம் இல்லை என்றார்கள். குற்றம் இல்லைதான். ஆனால் அந்த ஒரு படத்தில் எல்லாம் இருக்கிறது: கருணை, கேலி, காசு, வேட்டைக்காரன் விழுந்த மானோடு நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படத்தின் சாயல். கெட்டவர்கள் என்று ஒதுக்கவும் முடியவில்லை, நல்லவர்கள் என்று விட்டுவிடவும் முடியவில்லை.

இவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இந்த இரண்டு பக்கமாகவே பிரிந்து நிற்கின்றன. மானுடவியலாளர் லியோ சாவேஸ் 2008-இல் வெளியான தன் நூலில், இது வேற்றாரைக் குறித்த அச்சத்தைத் தொலைக்காட்சிக்காக அரங்கேற்றிய பாலைவனக் காட்சி என்கிறார். சமூகவியலாளர் ஹாரெல் ஷபீரா முகாமிலேயே போய்ப் பழகி, 2013-இல் ‘வெயிட்டிங் ஃபார் ஹோசே’ என்ற நூலை எழுதினார். அவர் கண்டவர்கள், பட்டாளத்தில் கழிந்த இளமைக்குப் பிறகு தாங்கள் யாருக்கும் தேவை இல்லை என்று உணர்ந்த கிழவர்கள். ராக்காவலும் வானொலிக் குறிப்புச்சொற்களும் தோழமையும் அவர்களுக்கு இழந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தன. ஹோசே என்பது வரப்போகிற ஆளுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர். ஷபீராவைப் படித்தபின் ‘இனவெறிக் கும்பல்’ என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுகிற விமர்சனம் சோம்பேறித்தனமாகத் தோன்றுகிறது. ஆனால் ஒருவர் ஏன் வந்தார் என்று விளக்கிவிட்டால், வந்து நின்ற வடிவம் சரியா என்பது விளக்கப்பட்டதாகாது. தனிமைக்கு மருந்தாகக் கூடிய கூட்டம் வேறு எதற்கும் துப்பாக்கி கட்டிக்கொள்வதில்லை. எதிரில் வருகிற ஹோசேவுக்கு இந்தக் கிழவரின் மனக்காயம் தெரியாது. இருட்டில் இடுப்பில் மின்னுவதுதான் தெரியும்.

அப்படித் தெரிவதற்கு வரலாறும் ஒரு காரணம். 1918 ஜனவரியில் டெக்சஸின் போர்வெனீர் என்ற ஊரில், ரேஞ்சர் படையினர் உள்ளூர்ப் பண்ணைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, மெக்சிகோ வம்சாவளி ஆண்களும் சிறுவர்களுமாக 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1976-இல் இதே கொச்சீஸ் மாவட்டத்தின் டக்ளஸ் அருகே, எல்லை தாண்டி வந்த மூவரை ஒரு பண்ணைக் குடும்பம் பிடித்துக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்தது. மாநில நீதிமன்றம் விடுவித்து, பின்னர் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் ஒருவருக்காவது தண்டனை கிடைத்தது. 1977-இல் டேவிட் டியூக் தலைமையில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் ‘எல்லைக் கண்காணிப்பு’ என்று கலிஃபோர்னியாவில் கார்களோடு கிளம்பியது. மினிட்மேன்கள் க்ளான் அல்ல, அப்படிச் சொல்வது அவதூறு. ஆனால் அவர்கள் உட்கார்ந்த இடம் முன்பே யாரோ உட்கார்ந்து எழுந்த இடம். அது தெரியாமல் போனவர்களும் உண்டு, தெரிந்தே போனவர்களும் உண்டு.

2009 மே 30 அன்று அரிசோனாவின் அரிவாகா என்ற குக்கிராமத்தில், காவல்துறை என்று சொல்லிக்கொண்டு ஒரு கும்பல் நள்ளிரவு கடந்து ஒரு வீட்டுக்குள் புகுந்தது. 29 வயதுத் தந்தையையும் அவருடைய ஒன்பது வயது மகளையும் சுட்டுக் கொன்றது. தாய் காயத்தோடு உயிர் தப்பினார். கொல்லப்பட்ட இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். கும்பலின் தலைவி ஷானா ஃபோர்ட், ‘மினிட்மேன் அமெரிக்கன் டிஃபென்ஸ்’ என்ற எல்லைக் காவல் குழுவை நடத்தியவர். வீட்டில் போதைப்பொருள் பணம் இருக்கும், அதை எடுத்துத் தன் குழுவை வளர்க்கலாம் என்பது திட்டம். 2011-இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அவரை நாங்கள் முன்பே வெளியேற்றிவிட்டோம் என்றார்கள் சிம்காக்ஸின் ஆட்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பதில்தான் குற்றத்தைவிட அதிகமாக என்னை உறுத்துகிறது. வெளியேற்றப்பட்டவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் பெயரில் ஒன்றிரண்டு சொல்லை மாற்றிக்கொண்டு அதே வேலையைத் தொடர்வதுதான். தடுக்க எவரிடமும் அதிகாரம் இல்லை. ஏனென்றால் முதல் குழுவுக்கும் எவரும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை. தானாக வந்தவனை யார் போகச் சொல்வது? விதிகள் அமைப்புக்குள் இருப்பவரை மட்டும் கட்டும். இருப்பதும் போவதும் அவரவர் விருப்பம். கட்டுப்பாடு யாருக்குத் தேவையோ அவர்கள்தான் முதலில் வெளியே போகிறார்கள்.

அரசுக் காவலர் மட்டும் யோக்கியரா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 2012-இல் நோகாலஸ் நகரில் ஓர் எல்லைக் காவலர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சுட்டு, மெக்சிகோ பக்கத்துத் தெருவில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் செத்தான். 2018-இல் நடந்த இரண்டு விசாரணைகளிலும் காவலருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அரசின் பொறுப்புக்கூறல் ஓட்டைச் சட்டிதான். இருந்தாலும் அங்கே ஒரு சட்டி இருக்கிறது: பெயர், பட்டை எண், மேலதிகாரி, வழக்குத் தொடுக்க ஓர் அலுவலகம். தொண்டரிடம் வழக்குப் போட்டு வாங்க அவருடைய சொத்துதான் இருக்கும். அப்படியும் ஒன்று நடந்தது. 2003-இல் டெக்சஸில் ‘ராஞ்ச் ரெஸ்க்யூ’ என்ற குழுவிடம் சிக்கிய எல் சால்வடோர் நாட்டார் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். குழுவின் தலைவர்களில் ஒருவருக்கு டக்ளஸ் அருகே இருந்த 70 ஏக்கர் பண்ணை 2005-இல் அவ்விருவர் கைக்கு வந்தது. எல்லையைக் காக்கப் பாசறையாக வாங்கிய நிலம், எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் போனது. கதாசிரியன் எழுதினால் மிகை என்று அடித்துவிடுவார்கள்.

அதே பாலையில் வேறு தொண்டர்களும் திரிந்தார்கள். 2000-இல் தொடங்கிய ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ பாதிரியாரும் சபையாருமாகத் தண்ணீர்ப் பீப்பாய்களை வைத்து, தூரத்திலிருந்து தெரியும்படி நீலக் கொடி கட்டியது. இவர்களையும் யாரும் அனுப்பவில்லையே, இவர்களுக்கு மட்டும் என்ன உரிமை என்பது மினிட்மேன் தரப்பின் நியாயமான கேள்வி. பீப்பாய் கள்ளக்குடியேற்றத்துக்கு அழைப்புத் தாம்பாளம் என்ற வாதத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. என் பதில் எளியது. தண்ணீர் வைத்தவன் தவறாக வைத்தால் தண்ணீர் வீணாகும். துப்பாக்கி வைத்தவன் தவறினால் என்ன ஆகும் என்று அரிவாகா சொல்லிவிட்டது. ஆனால் 2005 ஜூலையில் கைதானவர்கள் யார் தெரியுமா? ‘நோ மோர் டெத்ஸ்’ அமைப்பின் இளந்தொண்டர்கள் இருவர். வெயிலில் நோயுற்ற மூன்று பேரைக் காரில் ஏற்றி டூசான் நகரத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோனதற்காக. ஓராண்டுக்கு மேல் இழுத்து, 2006 செப்டம்பரில் வழக்குத் தள்ளுபடியானது.

நாற்காலிகள் பார்த்த திசைக்கு வருகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005-இல் கொடுத்த கணக்கு: சட்டவிரோதமாக ஆள் வைத்து வேலை வாங்கியதற்காக முதலாளிகளுக்கு அபராத முன்னறிவிப்பு 1999-இல் 417 அனுப்பப்பட்டது, 2004-இல் மூன்று. நாடு முழுவதற்கும் மூன்று. கோழி வெட்டும் ஆலையும் காய்கறிப் பண்ணையும் கட்டுமானக் கம்பெனியும் கதவைத் திறந்துவைத்து அழைக்கும்போது, 37 கிலோமீட்டர் முள்கம்பியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் அறியாமையைவிடத் தேர்வுதான் அதிகம். ஆவணமற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முறையான விசாவில் விமான நிலையம் போன்ற நுழைவாயில்கள் வழியே வந்து காலம் கடந்தும் தங்கிவிட்டவர்கள் என்ற மதிப்பீடும் 2006-இல் வந்தது. எந்த விமான நிலையத்துக்கு வெளியிலும் மடக்கு நாற்காலி போடப்படவில்லை. வர்ஜீனியாவின் ஹெர்ண்டனில் மினிட்மேன் கிளையினர் கூலிக்கு ஆள் எடுக்கும் முதலாளிகளையும் படம்பிடித்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அது கிளைக்கதையாகவே நின்றுவிட்டது. 2006-க்குப் பிறகு வீட்டுக் கட்டுமானத் தொழில் சரிந்து வேலை வற்றியதும் வரத்தும் வற்றியது. 2011-இல் தென்மேற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் கீழே, 1970-களின் தொடக்கத்துக்குப் பின் மிகக் குறைவு. புதிய காவலர்களும் வேலியும் ஒரு பங்கு செய்தன. வேலை இல்லாதது பெரும் பங்கு செய்தது.

ஆகவே என் தீர்ப்பு: குறை நியாயமானது, எதிர்ப்பு சட்டபூர்வமானது, காவல் வெறும் பாவனை, ஆயுதம் மன்னிக்க முடியாதது. ஆயுதம் இல்லாமல் அந்த நாற்காலிகள் இருந்திருந்தால், அமெரிக்கக் குடிமக்களின் திறமான போராட்டங்களில் ஒன்றாக இதை எழுதியிருப்பேன். ஆயுதம் இல்லாமல் கேமராக்கள் வந்திருக்குமா என்பது வேறு விஷயம். வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தீர்ப்பை எனக்கு முன்பே அவர்களில் ஒருவர் எழுதிவிட்டார். குழுக்கள் பணத் தகராறிலும் பதவிச் சண்டையிலும் உடைந்தபின், சிம்காக்ஸ் உருவாக்கிய ‘மினிட்மேன் சிவில் டிஃபென்ஸ் கோர்’ டூம்ஸ்டோனில் உணவகம் நடத்திய ஒரு பெண்ணின் தலைமைக்கு வந்தது. அவரும் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். 2010 மார்ச்சில் அவர் உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: பழைய விதிகள் இனி வேண்டாம், குண்டு நிரப்பிய ஆயுதத்தோடு வாருங்கள், வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவோம் என்ற பொருளில். பதில்கள் வந்து குவிந்தன. அவற்றின் சூட்டைப் பார்த்ததும் அவருக்கு உதறல் எடுத்தது. வரப்போகிறவர்கள் என்ன செய்வார்களோ, அதற்கு யார் பொறுப்பு என்று யோசித்தவர், நிர்வாகக் குழுவைக் கூட்டி, அழைப்பு அனுப்பிய சில நாட்களிலேயே அமைப்பைக் கலைத்துவிட்டார்.